கணினிக்கும் அட்டை குத்தி வைப்போம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



கணினியில் அன்றாட வேலையைச் சுலபமாக்கும் வழிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சொல்லப்போகும் வழிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் இருப்பவை. மற்றவை இலவசமாகக் கிடைப்பவை. எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

நம் ஊரில் பட்டுத் தறி பார்க்காதவர்கள் குறைவு. பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் மாலைபோலக் கோத்துத் தொங்கும். ஊடை இழை ஒருமுறை குறுக்கே ஓடும்போது பாவில் எந்தெந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அந்த அட்டையின் துளைகள் சொல்கின்றன. அட்டை குத்துவது மெனக்கெட்ட வேலை. ஆனால் ஒருமுறை குத்திவிட்டால் அதே அன்னத்தையும் மயிலையும் எத்தனை புடவைக்கு வேண்டுமானாலும் நெய்யலாம்.

பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய இந்த முறைதான் கணினிக்கும் முன்னோடி. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கு இந்தத் துளை அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு கணக்கை முடித்துக் கொடுத்தார். அவருடைய நிறுவனம் பிறகு மற்ற சில நிறுவனங்களோடு இணைந்து, பின்னாளில் ஐபிஎம் என்று பெயர் பெற்றது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரே வேலையை மூன்றாவது முறையாகக் கையால் செய்கிறீர்கள் என்றால், அதற்கு ஓர் அட்டை குத்தி வைத்துவிடுங்கள். அந்த அட்டையை அடுத்து வருபவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வையுங்கள். இரண்டாவது பாதியைத்தான் நம் சங்கம் போன்ற இடங்களில் மறந்துவிடுகிறோம். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

1. நகலெடுத்ததை நினைவில் வைக்கும் வசதி

கன்ட்ரோல் சி அழுத்தினால் நகல், கன்ட்ரோல் வி அழுத்தினால் ஒட்டல் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை நகலெடுத்ததும் முதலாவது போய்விடும் என்பதுதான் தொல்லை. வங்கி விவரத்தில் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு மூன்றையும் எடுக்க மூன்று முறை அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கும்.

கன்ட்ரோலுக்குப் பதிலாக விண்டோஸ் விசையோடு வி அழுத்திப் பாருங்கள். முதல்முறை "இதை இயக்கவா?" என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். 2018 முதல் விண்டோஸ் 10இலும், பிறகு வந்த 11இலும் இந்த வசதி இருக்கிறது. நீங்கள் கடைசியாக நகலெடுத்த 25 விஷயங்கள் வரை பட்டியலாக நிற்கும். வேண்டியதைச் சொடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி தேவைப்படுவதைப் பட்டியலிலேயே ஊசி குத்தி வைக்கலாம். கணினியை அணைத்துப் போட்டாலும் ஊசி குத்தியது அழியாது, மற்றவை அழிந்துவிடும். நம் குடியிருப்பின் முழு முகவரியையும் பின்கோடையும் இப்படி வைத்துக்கொண்டால் படிவம் நிரப்பும் வேலை பாதியாகும். கடவுச்சொல்லை மட்டும் இதில் விட்டுவைக்காதீர்கள். கணினியில் உட்காரும் அடுத்தவர் கண்ணிலும் அது படும்.

இதோடு சேர்த்து இன்னும் மூன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமாக வெட்டி எடுக்கலாம். திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை இதோடு விட்டுவிடலாம். விண்டோஸ் விசையோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் ஒரு சன்னல் பாதித் திரையில் போய் நிற்கும். இடப்பக்கம் வங்கிக் கணக்கு அறிக்கை, வலப்பக்கம் நம் வரவுசெலவுத் தாள் என்று வைத்துச் சரிபார்க்கலாம். எழுத்து சின்னதாகத் தெரியும் பெரியவர்கள் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். விண்டோஸ், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

2. தமிழில் தட்டச்சு

நம்மில் பலர் தமிழில் அறிவிப்பு எழுத வேண்டும் என்றால் கைபேசியில் எழுதித் தங்களுக்கே அனுப்பிக்கொண்டு, பிறகு கணினியில் ஒட்டுகிறார்கள். அந்தச் சுற்று வழி தேவையே இல்லை.

விண்டோஸ் அமைப்புகளில் "நேரமும் மொழியும்" என்ற பகுதிக்குப் போய்த் தமிழ் (இந்தியா) மொழியைச் சேருங்கள். அதன் விருப்பங்களில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். "அம்மா" என்பதை ஆங்கில எழுத்துகளில் ஒலியைப் பார்த்து அடிப்பவர்களுக்கு ஃபோனெட்டிக் பலகை இருக்கிறது. 2019 மே மாதப் புதுப்பிப்போடு அது விண்டோஸிலேயே வந்துவிட்டது. அதன்பின் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் போதும், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் போகலாம்.

நிறையத் தமிழ் அடிப்பவர்களுக்கு நான் சொல்வது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கம். புள்ளி தானாக விழுவதுதான் இதன் அழகு. "பட்டு" என்று எழுத ப, ட, ட, உ என்று நான்கு விசைகள். ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி வந்துவிடும். "காஞ்சி" என்று எழுத க, ஆ, ஞ, ச, இ என்று ஐந்து விசைகள். ஞ-வுக்குப் பின்னால் ச வந்ததும் ஞ்ச என்று அதுவே மாறிக்கொள்ளும். தமிழின் இன எழுத்து முறையை அறிந்து வடிவமைத்த பலகை. தினமும் கால் மணி நேரம் பழகினால் சில வாரங்களில் கை தானே போகும். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

விசைப்பலகையே வேண்டாம் என்பவர்கள் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, கருவிகள் பட்டியலில் குரல்வழித் தட்டச்சைத் தேர்ந்து, மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டுப் பேசலாம். 2017 முதல் கூகுள் தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்கிறது. நிறுத்தக்குறிகளை நாம்தான் போட வேண்டும். நிதானமாக, வாக்கியம் வாக்கியமாகப் பேசினால் பிழை குறையும்.

3. பழைய எழுத்துருவில் மாட்டிய கோப்புகள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். குடியிருப்புச் சங்கங்களின் விதிமுறை, பழைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, ஒப்பந்தம் எல்லாம் டிடிபி கடைகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்து வாங்கியவையாக இருக்கும். அந்தக் கோப்பை இன்று உங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்து கிடக்கும்.

காரணம் இதுதான். அந்தக் கோப்பில் உண்மையில் சேமித்திருப்பது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளின் எண்களைச் சேமித்து, அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டும் வேலையை அந்த எழுத்துரு செய்தது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடுகிறது. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான தனி எண்கள் உண்டு. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசும் 2010இல் தன் பயன்பாட்டுக்கு யூனிகோடைத் தரமாக ஏற்றது. நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதும் தமிழும் யூனிகோடுதான்.

இது வெறும் தோற்றப் பிரச்சினை அல்ல. ஐந்து ஆண்டுகளுக்கு முன் லிஃப்ட் பராமரிப்புக்கு எந்தக் கூட்டத்தில் எவ்வளவு தொகை என்று முடிவு செய்தோம் என்று யாராவது கேட்டால், யூனிகோடு கோப்பாக இருந்தால் "லிஃப்ட்" என்று தேடி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பழைய எழுத்துருக் கோப்பில் தேடினால் எதுவும் வராது. அச்சிட்ட தாளும் தொலைந்திருந்தால், அன்று கூட்டத்தில் இருந்தவர்களின் ஞாபகம்தான் ஆதாரம். வாடகைக்கு இருந்தவர் மாறிப் போகிறார், வீட்டை விற்றுவிட்டுச் சிலர் வெளியூர் போகிறார்கள். ஞாபகமும் அவர்களோடு போய்விடும்.

தீர்வு எளிது. கோப்பு கையில் இருந்தால் எழுத்துரு மாற்றிச் செயலிகளில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் இதற்கென்றே உருவானது. இணையத்திலும் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். மாற்றிய பிறகு எண்களையும் பெயர்களையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

கோப்பு இல்லை, தாள் மட்டும் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. தாளை நல்ல வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். படம் 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. அதன்மேல் வலச்சொடுக்குச் செய்து, "இதன் மூலம் திற" என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தால் படத்தின் கீழே எழுத்துகள் தட்டச்சு செய்ததுபோல வந்து நிற்கும். அச்சு எழுத்துத் தமிழை நன்றாகவே படிக்கிறது. கையெழுத்தை நம்பி விட முடியாது, அதை நாம்தான் அடிக்க வேண்டும்.

4. நாற்பது வீட்டு ரசீதுக்கு ஒரே அட்டை

சங்க வேலையில் அதிகம் நேரம் தின்பது மாதாந்திரப் பராமரிப்பு ரசீதும் நினைவூட்டலும். நாற்பது வீடு என்றால் நாற்பது முறை பெயரையும் தொகையையும் மாற்றி அச்சிடுவார்கள். இதற்கு மெயில் மெர்ஜ் என்று ஒரு வசதி வேர்டில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் இருக்கிறது. எக்செல் தாளில் வீட்டு எண், பெயர், தொகை, தேதி என்று நான்கு பத்திகளில் பட்டியல் போடுங்கள். வேர்டில் ரசீதின் மாதிரியை ஒன்று தயார் செய்து, பெயர் வரும் இடத்தில் பெயர்ப் பத்தியையும் தொகை வரும் இடத்தில் தொகைப் பத்தியையும் பொருத்துங்கள். ஒரே சொடுக்கில் நாற்பது ரசீதும் தயாராகும். அடுத்த மாதம் பட்டியலில் தொகையையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும்.

ஜரிகை, பட்டு வியாபாரம் செய்யும் குடும்பங்களும் நம் குடியிருப்பில் இருக்கிறீர்கள். நெசவாளர் கூலிச் சீட்டு, வாடிக்கையாளருக்கான கடிதம் ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

இதன் தம்பி போன்றது தானியங்கித் திருத்தம். வேர்டின் விருப்பங்களில் ஆட்டோ கரெக்ட் பகுதிக்குப் போய், "சங்மு" என்று அடித்தால் சங்கத்தின் முழுப் பெயர், பதிவு எண், முகவரி எல்லாம் வந்து விழும்படி பதிந்துவைக்கலாம். சாதாரணமாக எழுதும்போது வராத சொல்லாகச் சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

5. கோப்புக்குப் பெயர் வைப்பது

"புதியது", "கடைசி", "கடைசி2", "உண்மையான கடைசி" என்று கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் கை தூக்குங்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். சிரிப்புத்தான் பதிலாக வந்தது.

பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதுங்கள். 2025-07-13 கூட்டக் குறிப்பு, 2025-07-20 தண்ணீர்த் தொட்டி ரசீது என்பதுபோல. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து குழம்பும். ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

அப்படியும் கோப்பு கிடைக்கவில்லை என்றால் எவ்ரிதிங் என்ற சிறிய இலவசச் செயலி இருக்கிறது. பெயரில் ஒரு பகுதியை அடித்ததுமே கணினி முழுவதிலும் அந்தப் பெயருள்ள கோப்புகளைக் காட்டிவிடும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் படங்களை வலச்சொடுக்கில் சிறிதாக்கும் வசதி உண்டு. புகைப்படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று இணைய விண்ணப்பங்கள் கேட்கும்போது இது கை கொடுக்கும். கணினியில் திறந்திருக்கும் எதையும் பிடிஎஃப் ஆக்க வேண்டுமானால் கன்ட்ரோல் பி அழுத்தி, அச்சுப்பொறியின் இடத்தில் "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பல பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்க முன்பின் தெரியாத இணையதளங்களில் ஏற்றாதீர்கள். ஆதார், பான், வீட்டுப் பத்திரம் போன்றவற்றை அப்படி ஏற்றினால் அவை எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியாது. பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவசச் செயலி கணினியிலேயே இருந்து இந்த வேலையைச் செய்துவிடும்.

6. செய்யக் கூடாதவை

வங்கியிலிருந்து பேசுகிறோம், மின்வாரியத்திலிருந்து பேசுகிறோம் என்று தொலைபேசியில் சொல்லி, திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நிறுவாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. கணினி ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. அந்தக் கணினியில் வங்கி வேலை செய்பவர்கள் விண்டோஸ் 11க்கு மாற முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

7. அட்டைக் கட்டு யாரிடம்?

நெசவாளர் மாறினாலும் அட்டைக் கட்டு இருந்தால் அதே புட்டாவை இன்னொருவர் நெய்யலாம். அட்டை தொலைந்தால் மாதிரிப் புடவையைப் பார்த்து முதலிலிருந்து குத்த வேண்டும். சங்கங்களில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. செயலாளரின் சொந்த மடிக்கணினி, அவருடைய சொந்த மின்னஞ்சல், அவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல். பொறுப்பு மாறும்போது புதியவரிடம் வந்து சேர்வது ஒரு பையும் சில காகிதங்களும்தான். பொறுப்பில் இருப்பவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அதுவும் வராது. அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் கணக்குக் கேட்க யாருக்கும் மனம் வராது.

அதனால் மூன்று கோரிக்கைகளைக் கூட்டத்தில் வைத்தேன். முதலாவது, சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் கணக்கு ஒன்று. அதன் கடவுச்சொல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் இருக்க வேண்டும். பொறுப்பு மாறும் நாளில் கடவுச்சொல்லும் மாற வேண்டும். இரண்டாவது, வரவுசெலவுத் தாள் அந்தக் கணக்கின் கூகுள் ஷீட்ஸில் இருக்கட்டும். யார் எந்த நாளில் எந்தத் தொகையை மாற்றினார்கள் என்பது பதிப்பு வரலாற்றில் பதிவாகிவிடும். இது சந்தேகத்துக்காக அல்ல. கணக்கு எழுதுபவருக்கே அது பாதுகாப்பு. மூன்றாவது, எல்லாக் கோப்புகளின் பிரதியும் மூன்று இடங்களில்: இணையக் கணக்கில் ஒன்று, அலுவலகக் கணினியில் ஒன்று, வேறொருவர் வீட்டில் இருக்கும் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைசிப் பிரதியைப் புதுப்பித்தால் போதும்.

பழைய எழுத்துருவில் இருக்கும் விதிமுறைகளையும் கூட்டக் குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையை ஒருவர் தலையில் கட்ட வேண்டாம். ஆளுக்கு ஓர் ஆண்டின் குறிப்பை எடுத்துக்கொண்டால் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்குள் முடித்துவிடலாம். கல்லூரி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் படம் எடுத்து ஏற்றட்டும். எங்கே எந்தப் பெயர் தப்பாக விழுந்திருக்கிறது என்று இங்கே நெடுநாள் இருக்கும் பெரியவர்கள் பார்த்துச் சொல்லட்டும். அந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

இத்தனையையும் இன்றே செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் விண்டோஸ் விசையோடு வி மட்டும் அழுத்திப் பழகுங்கள். அடுத்த வாரம் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். எங்காவது சிக்கினால் சங்க அலுவலகத்தில் ஒரு சீட்டில் வீட்டு எண்ணோடு எழுதிப் போடுங்கள். நானும் விருப்பமுள்ள இன்னும் சிலரும் வந்து உட்கார்ந்து சரிசெய்து தருகிறோம். எந்த ஆண்டின் கூட்டக் குறிப்பை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள்.